வேண்டாம் என்றால் வேண்டாம்

ஜூன் 3, திங்கள்

காலை பதினொன்றே கால் பஸ்ஸில் செண்பகம் அக்கா சாத்தூரிலிருந்து வந்து இறங்கினாள். ஒரு துணிப்பை, ஒரு தூக்குவாளி, எனக்குப் பிடிக்கும் என்று அரைக்கிலோ காராச்சேவு. அத்தான் காலமாகி நான்கு மாதம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. பத்து நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்ததாகச் சொன்னாள். நல்லது அக்கா என்றேன். எழுபத்து மூன்று வயதிலும் என்னைவிட வேகமாக நடக்கிறாள்.

காப்பி குடிக்கிறாயா என்று கேட்டேன். இப்ப எதுக்குய்யா, வேண்டாம் என்றாள். சரி என்று பேப்பரை எடுத்துக்கொண்டேன். உலகம்மாள் அடுக்களை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் பார்க்கும் அதே பார்வை.

இதை இந்த நோட்டில் ஒரு முறை தெளிவாக எழுதி வைப்பது நல்லது. எங்கள் வீட்டில் உபசாரம் கிடையாது. எதையும் ஒரு தடவைதான் கேட்பேன். வேண்டும் என்றால் வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம். முப்பத்து நான்கு வருஷம் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். லிட்மஸ் தாளை அமிலத்தில் நனைத்தால் சிவக்கிறது. ‘உண்மையாகவே சிவக்கிறாயா, சங்கடப்படாமல் சொல்லு’ என்று அதனிடம் யாரும் மூன்று முறை கேட்பதில்லை. மனிதர்கள் மட்டும் வேண்டும் என்பதை வேண்டாம் என்று சொல்லிப் பழகியிருக்கிறார்கள். இந்த ஒரு பழக்கத்தால் நம் வீடுகளில் வீணாகும் சோறு எவ்வளவு, நேரம் எவ்வளவு.

மாலையில் அக்கா காராச்சேவைத் தட்டில் கொண்டு வந்தாள். வேண்டாம் என்றேன். ‘கொஞ்சம் போல எடுத்துக்கய்யா’ என்றாள். வேண்டாம் என்றேன். மூன்றாவது தடவை கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்துவிட்டாள். தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. பழக்கம் அவளை விடவில்லை, பாவம்.

ஜூன் 4, செவ்வாய்

காலையில் இரண்டு இட்லி ஆனதும் இன்னும் வேண்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். போதும் என்றாள்.

ஜூன் 9, ஞாயிறு

பள்ளி மைதானத்தில் நடந்துவிட்டு ஞானதுரையோடு உட்கார்ந்திருந்தேன். என்னோடு வேலை பார்த்த டிரில் மாஸ்டர். வாதம் என்று வந்தால் தோற்பதற்காகவே பிறந்தவர், ஆனால் விடமாட்டார். என் கொள்கையைச் சொன்னேன். அவருக்கு ஒரே சிரிப்பு.

“வே வீரபாகு, மறுவீட்டுக்குப் போயிருக்கேன். மாமியா இன்னொரு தோசை வைக்கவான்னு ஒரு தடவை கேட்டா. மாப்பிள்ளை முறுக்கு இருக்கும்லா, வேண்டாம்னேன். அடுத்த தடவை கேப்பான்னு இலையையே பாத்துக்கிட்டு இருக்கேன். இலையை எடுத்துட்டா. அவ சாகிற வரைக்கும் நான் அவகிட்ட முகம் குடுத்துப் பேசலவே.”

தவறு யார் மேல் என்று கேட்டேன். மாமியார் மேலா, உம் நாக்கின் மேலா? அவர் தலையைச் சொறிந்தார்.

“முதத் தடவை கேக்கது வாய்வே. மூணாவது தடவை கேக்கதுதான் மனசு” என்றார்.

அப்படியானால் நான்காவது தடவை கேட்பது எது, ஐந்தாவது எது, மூன்றில் நிறுத்தச் சொல்லி யார் அளந்து வைத்தார்கள் என்று கேட்டேன். அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, ‘உம்ம வீட்டுக்கு வாறவன் வெளிய சாப்பிட்டுட்டுத்தான் வரணும்’ என்று சொல்லிவிட்டுப் போனார். தோற்றவர்கள் இப்படித்தான் கடைசியில் கேலியில் இறங்குவார்கள். எனக்குக் கோபம் இல்லை. வகுப்பிலும் எனக்குக் கோபம் வந்ததில்லை. ஒரு பையனைக்கூட நான் அடித்ததில்லை.

ஜூன் 13, வியாழன்

பத்து நாள் ஆகிவிட்டது. அக்கா ஊருக்குப் போவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வாழை மரத்துக்கு முட்டுக் கொடுத்தேன்.

ஜூன் 15, சனி

சாத்தூரிலிருந்து அக்காவுக்குப் போன் வந்தது. காது சரியாகக் கேட்காததால் அவள் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். எனவே நான் ஒட்டுக்கேட்டேன் என்று சொல்ல முடியாது. அவள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் பேசினார். வேறு ஆட்கள் குடிவந்துவிட்டார்களாம். அக்காவின் கட்டிலையும் கிரைண்டரையும் பக்கத்து வீட்டு நடையில் எடுத்து வைத்திருக்கிறார்களாம். மழைக்கு முன்னால் ஆள் விட்டு எடுத்துக்கொண்டால் நல்லது என்றார். அக்கா, ‘சரிய்யா, ரொம்ப நல்லது’ என்று சொல்லி வைத்தாள்.

யார் அக்கா என்று கேட்டேன். சும்மா விசாரிச்சாக என்றாள். பிறகு முருங்கைக் கீரையை எடுத்து வைத்து உருவ ஆரம்பித்தாள். உருவிய காம்பையே இன்னொரு தடவை உருவிக்கொண்டிருந்தாள்.

உலகம்மாளுக்கும் கேட்டிருக்கிறது. துணி காயப்போடும் சாக்கில் என்னைக் கொல்லைக்குக் கூப்பிட்டாள்.

“மதினிக்கு இனிமே போக எடம் இல்ல. அவுகளாச் சொல்ல மாட்டாவ. இங்கயே இருக்கச் சொல்லுங்க.”

கேட்கிறேன் என்றேன். கேட்பது என் கடமை.

ஜூன் 16, ஞாயிறு

கேட்டுவிட்டேன். காலை 8.20. அக்கா வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். நான் கடைக்குப் போகச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். ‘அக்கா, இங்கேயே இருந்துவிடுகிறாயா?’ என்று தெளிவாகவே கேட்டேன்.

“எதுக்குய்யா, உங்களுக்குச் செரமம். நான் எங்கயாவது பாத்துக்கிடுதேன்.”

சரி அக்கா என்று கிளம்பினேன். தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்றிருந்தாள், ஏதோ மறந்துபோனவள் மாதிரி.

வீட்டுக்கு வந்ததும் உலகம்மாள் பிடித்துக்கொண்டாள். “ஒரு மனுசிட்ட கேக்கிற கேள்வியா இது? ஆட்டோக்காரன்ட்ட சவாரி வாரியான்னு கேக்கிற மாதிரி கேட்டுட்டு வாரிய.” எப்படிக் கேட்டாலும் கேள்வி கேள்விதான், பதில் பதில்தான் என்று சொன்னேன். வினாத்தாளைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொடுத்தால் விடை மாறிவிடுமா? அவள் என் கையிலிருந்த கடைப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். இந்த வீட்டில் வாதம் எப்போதும் இப்படித்தான் முடிகிறது.

ஜூன் 22, சனி

வசதிக்குள் வாழ்வது என்பதைப் பற்றி இன்று நிறைய யோசித்தேன். எங்கள் வீட்டில் நான்கு தட்டு, நான்கு டம்ளர், இரண்டு நாற்காலி. மகன் பெங்களூரில் இருந்து வரும்போது ஒரு பாய் விரிப்போம். இதற்கு மேல் ஒன்று வந்தால் வீட்டின் அளவு கெடும். பிள்ளைகளுக்கு இதைச் சோதனைக் குழாயை வைத்துக் காட்டுவேன். கோடு வரைக்கும் ஊற்று, தெளிவாகத் தெரியும். கோட்டைத் தாண்டி ஊற்று, கை நனையும், மேசை நனையும், பக்கத்துப் பையனின் நோட்டும் நனையும்.

காலையில் அக்காவின் தட்டில் மூன்றாவது இட்லி இருந்தது. உலகம்மாள் நான் குளிக்கப் போன நேரத்தில் வைத்திருக்கிறாள். இட்லிக்காகச் சொல்லவில்லை என்று சொல்லித்தான் சொன்னேன். கேட்டு, போதும் என்று சொன்ன பிறகும் ஒளித்து வைத்தால் அது அக்காவைப் பொய்க்காரி ஆக்குவது ஆகாதா என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் அக்காவுக்குக் கேட்டுவிட்டது. மற்ற நேரமெல்லாம் காது கேட்காதவளுக்கு இது எப்படிக் கேட்டது என்று தெரியவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

இன்று அக்கா ஒரு இட்லியோடு எழுந்துவிட்டாள். இன்னும் வேண்டுமா என்று கேட்டேன். போதும் என்றாள். கேட்காமல் விட்டேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

ஜூன் 27, வியாழன்

குழாயடியில் அக்காவுக்குத் தலை சுற்றியது. குடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். டாக்டரிடம் போவோமா என்று கேட்டேன். ‘வெயில்தான்யா, வேண்டாம்’ என்றாள். நேரம் 9.40.

மாலையில் நான் மைதானத்திலிருந்து திரும்பியபோது வீடு பூட்டியிருந்தது. முக்கால் மணி நேரம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். இருவரும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். உலகம்மாள் அவளை டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறாள். ரத்தம் குறைவாக இருக்கிறதாம். என்னம்மா, வீட்டுல சாப்பாடு போடுறாங்களா இல்லையா என்று டாக்டர் விளையாட்டாகக் கேட்டாராம்.

“அதுக்கு மதினி என்ன சொன்னாவ தெரியுமா? ‘எந்தம்பி கேட்டுக் கேட்டுப் போடுதான் டாக்டர், எனக்குத்தான் இறங்கல’ன்னாவ.”

பார்த்தாயா, அவளே சொல்லிவிட்டாள் என்றேன். உலகம்மாள் மாத்திரைச் சீட்டை மேசையில் போட்டுவிட்டு உள்ளே போனாள். என்னிடம் சொல்லாமல் போனது எனக்கு வருத்தம்தான். ஒரு குடும்பத்தில் ஒளிவு மறைவு நுழைந்துவிட்டால் பிறகு எதையும் நம்ப முடியாது.

ஜூலை 2, செவ்வாய்

ஊருக்கு வெளியே இருக்கும் முதியோர் இல்லத்தைப் போய்ப் பார்த்து வந்தேன். சுத்தமாக இருக்கிறது. வேப்பமரம் இருக்கிறது. சாப்பாட்டுக்கு மணி அடிக்கிறார்கள். ஆளுக்கு ஒரு கட்டில், ஒரு அலமாரி. அளவான வாழ்க்கை எப்படி இருக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் காட்டக் கூட்டிப் போகலாம், அப்படி ஒரு ஒழுங்கு.

வந்து அக்காவிடம் விவரமாகச் சொன்னேன். மரம், கட்டில், மணி எல்லாம். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள். உனக்குப் பிடித்திருக்கிறதா என்றேன்.

“நீ பாத்தா நல்லாத்தான்யா இருக்கும்.”

ஒத்துக்கொண்டாள். வரும் 24ஆம் தேதி இடம் காலியாகிறதாம்.

ஜூலை 7, ஞாயிறு

ஞானதுரை வீட்டுக்கு வந்திருந்தார். வெளியே சாப்பிட்டுவிட்டு வந்ததாகச் சொல்லிக்கொண்டே நுழைந்தார், பழைய கேலி. உட்கார்ந்ததும் பழைய வாதத்தையும் எடுத்தார். நான் அக்காவையே நடுவராக வைக்கலாம் என்றேன். அவள் சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, ‘தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும், படிச்சவன்லா’ என்றாள். ஞானதுரை சிரிக்கவில்லை. அவளிடம் வேறு எதையோ கேட்டார்.

“இந்த வீடு உங்க அப்பா கட்டினதுதானம்மா?”

“ஆமாய்யா. இந்த முன் ரூமுக்கு மண்ணு நாந்தான் சுமந்தேன். இவன் அப்பம் சின்னப் பய. மண்ணுக் குமிச்சல்ல ஏறி ஏறிச் சறுக்குவான்.”

ஞானதுரை என்னைப் பார்த்தார். அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அதனால் அங்கேயே விளக்கினேன். அப்பா போன பதினாறாம் நாள், சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கும்போது, வீட்டில் பங்கு வேண்டுமா அக்கா என்று கேட்டேன். ‘எனக்கு எதுக்குய்யா, வேண்டாம், நீ நல்லா இரு’ என்றாள். அன்று மாலையே கையெழுத்தும் போட்டுவிட்டாள். நானாக எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

அன்னைக்குச் சாயந்தரமே பத்திரம் எழுதி ரெடியா இருந்ததா என்று ஞானதுரை கேட்டார். இருந்தது என்றேன். பத்திரம் தயாராக இருந்ததால் கேட்ட கேள்வி கேள்வி இல்லை என்று ஆகிவிடாது. அவர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அக்கா பின்னாலேயே போய், ‘குடிச்சிட்டுப் போங்கய்யா’ என்று மூன்று தடவை சொன்னாள். அவர் திரும்பி வந்து நின்றபடியே குடித்துவிட்டு, டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜூலை 8, திங்கள்

பீரோவிலிருந்து பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். சும்மா. கையெழுத்து தெளிவாக இருக்கிறது.

ஜூலை 14, ஞாயிறு

ஞானதுரை மைதானத்துக்கு ஒரு வாரமாக வரவில்லை. மூட்டு வலியாக இருக்கும்.

ஜூலை 19, வெள்ளி

இன்று நடந்ததை முழுவதும் எழுத வேண்டும்.

காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அக்கா வந்து எதிரே நின்றாள். குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, வெளியே கிளம்புகிறவள் மாதிரி இருந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“தம்பி, நான் அங்க போகலய்யா. இங்கயே இருந்துக்கிடுதேன். கொல்லைப் பக்கம் ஒரு மூலை போதும்.”

அவள் வாயிலிருந்து இப்படி ஒரு நேரான வாக்கியத்தை நான் கேட்டதே இல்லை. எழுவாய், பயனிலை எல்லாம் சரியாக இருந்தது. எனக்கு ஒருவிதத்தில் சந்தோஷம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் காலம் தவறிவிட்டது. பரீட்சை முடிந்து மணி அடித்த பிறகு விடை ஞாபகம் வருகிறது என்று ஒரு பையன் ஓடி வருவான். அவனுக்கு அந்த விடை தெரியும்தான். அதற்காகத் தாளைத் திருப்பிக் கொடுத்தால், நேரத்துக்குள் எழுதிய மற்ற பிள்ளைகளுக்கு நான் என்ன நியாயம் சொல்வேன்?

அவளுக்குப் புரியும்படி செய்ய வேண்டும் என்று இந்த நோட்டை எடுத்து வந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தேன். காது கேட்காது என்பதால் பக்கத்தில் உட்கார்ந்து, நிதானமாக, ஒவ்வொன்றாக வாசித்தேன். ஜூன் 3, காப்பி. ஜூன் 4, இட்லி. ஜூன் 16, காலை 8.20. அந்த இடத்தை இரண்டு தடவை வாசித்தேன். ஜூன் 27, டாக்டர். ஜூலை 2, இல்லம். ஒரு இடத்திலும் குரலை உயர்த்தவில்லை.

“நான் கேட்டேனா இல்லையாக்கா?”

“கேட்டய்யா.”

“நீ என்ன சொன்ன?”

“வேண்டாம்னேன்.”

“அப்புறம் நான் என்ன செய்ய முடியும், சொல்லு.”

அவள் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். விரலை வைத்து ஒரு வரியைத் தடவிப் பார்த்தாள்.

“வாய்க்கு வாறதெல்லாம் எழுதியா வச்சிருக்க?” என்றாள். பிறகு, “எழுத்து அப்படியே அச்சு மாதிரி இருக்குய்யா” என்றாள்.

எழுந்து போய் மிச்சம் இருந்த பாத்திரங்களைத் தேய்த்தாள்.

மத்தியானம் உலகம்மாள் என் தட்டை வைத்துவிட்டு எதிரே நின்றாள். ரெண்டாவது தடவை கேட்டிருந்தா அவுக சரின்னு சொல்லியிருப்பாவன்னு உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டாள். தெரியும் என்றேன். அதனால்தான் நான் கேட்கவில்லை என்று அவள் முடிவு கட்டினால் அது நியாயம் இல்லை. விதி என்றால் விடை தெரிந்தபோதும் ஒன்றுதான், தெரியாதபோதும் ஒன்றுதான். இதை அவளுக்கு விளக்க ஆரம்பித்தேன். அவள் பாதியிலேயே போய்விட்டாள். ரசம் ஊற்றவில்லை. நானே எடுத்து ஊற்றிக்கொண்டேன்.

ஜூலை 20, சனி

உலகம்மாள் என்னோடு பேசுவதில்லை. எது கேட்டாலும் ‘ம்’. இரண்டு பேரும் கொல்லையில் உட்கார்ந்து வத்தல் போடுகிறார்கள். நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது.

ஜூலை 21, ஞாயிறு

பெங்களூரிலிருந்து மகன் பேசினான். அத்தையை இங்கேயே வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டான். ஜூன் 16ஆம் தேதி கேட்டதைச் சொன்னேன். ‘ஓ, அத்தையே வேண்டாம்னுட்டாங்களா, அப்பச் சரிப்பா’ என்றான். இவ்வளவு எளிதான விஷயம். படித்தவர்களுக்கு ஒரு தடவையில் விளங்குகிறது.

ஜூலை 23, செவ்வாய்

அக்காவின் துணிப்பை கட்டியாகிவிட்டது. வத்தலில் பாதியை எங்களுக்கு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். மாலையில் நான் இந்த நோட்டை விரித்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

“நாளைக்கு இதுல என்னய்யா எழுதுவ?”

நடப்பதை எழுதுவேன் என்றேன்.

“நான் அழுதேன், போகமாட்டேன்னேன்னு எல்லாம் எழுதிராத. நாளப்பின்ன உம் மவன் வாசிப்பான், பேரப்பிள்ள வாசிக்கும். ஒன்னைய யாரும் ஒரு சொல்லு சொல்லிரக் கூடாது. அவளா போறேன்னு போனான்னு எழுதிக்கோ.”

நீ அழவில்லையே அக்கா என்றேன்.

“இல்லய்யா. சும்மா சொன்னேன்” என்றாள்.

அந்த வாக்கியத்தை மறந்துவிடக் கூடாது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டேன்.

ஜூலை 24, புதன்

என் அக்கா செண்பகவல்லி இன்று காலை பத்து மணிக்குத் தன் விருப்பப்படியே புறப்பட்டுச் சென்றாள்.

அவள் சொன்ன ‘அவளா’ என்பதைத்தான் ‘தன் விருப்பப்படியே’ என்று திருத்தியிருக்கிறேன். பொருள் மாறவில்லை.